ஞானசௌந்தரி கட்டுன யூதாசு

ஞானசௌந்தரியப் பத்தி ஊருல நல்லதாச் சொல்ல மாட்டாவ. கூடப் பிறந்தவனையே தெருவுல வச்சு உரிச்சவ, கல்நெஞ்சுக்காரின்னுதான் பேச்சு. அவ வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் ஒரே சுவரு. பதினாலு வருஷமா அவ அம்மி அரைக்கிற சத்தத்த வச்சே அன்னைக்கு மீன் குழம்பா வெறும் புளித்தண்ணியான்னு சொல்லிருவேன். அதனால இந்தக் கதைய நான் சொன்னாத்தான் சரியா இருக்கும்.

அவ அழகியெல்லாம் இல்ல. நெட்டையா, எலும்பும் தோலுமா இருப்பா. கை மட்டும் ஆம்பளக் கை. தோணிப் பாய் தைக்கிறவளுக்கு வேற எப்படி இருக்கும்? நாம ரவிக்கை தைக்கிற ஊசி இல்ல அது. நடுவிரல் நீளத்துக்கு, முனை மூணு பட்டையா இருக்கும். உள்ளங்கையில தோல் பட்டைய மாட்டிக்கிட்டு அழுத்திக் குத்துனாத்தான் ரட்டுத் துணியில இறங்கும். ஆம்பளையளே ரெண்டு முழம் தைச்சா பீடி குடிக்க எந்திரிச்சுப் போயிருவாவ. இவ காலம்பற உக்காந்தா உலையில அரிசி போடத்தான் எந்திரிப்பா. பேச்சும் ஊசி மாதிரிதான். குத்துனா மறுபக்கம் வந்துரும்.

வீட்டுக்காரரு ஜேசுபாதம். சங்கு குளிக்கிற ஆளு. இவ வையுததுக்கு எதிர்ப்பேச்சு பேச மாட்டாரு. வெத்தலைக் காம்பக் கிள்ளி இவ மேல எறிஞ்சுட்டு, சிரிச்சுக்கிட்டே போயிருவாரு. ரெண்டு பொட்டப்பிள்ளைய. இவ வாயும் அவரு சிரிப்புமா அந்த வீடு நல்லாத்தான் ஓடுச்சு.

சங்கு குளிக்கிறது எப்படின்னு ஒங்களுக்குத் தெரியாட்டா சொல்லுதேன். குளியாளி இடுப்புல ஒரு கயிறு, சங்கு அள்ளுத பைக்கு ஒரு கயிறு. ரெண்டோட மேல் முனையும் தோணியில நிக்கிற ஒருத்தன் கையில இருக்கும். பைக் கயிறு சுண்டுனா பைய மட்டும் தூக்கணும். இடுப்புக் கயிறு குலுங்குனா ஆளையே தூக்கணும். அங்கன நின்னு யோசிக்க நேரம் கிடையாது, மூச்சு முடிஞ்சுரும். அந்தக் கயித்த மச்சான்காரந்தான் பிடிக்கணும்னு எங்க கடக்கரையில வழக்கம். அண்ணந்தம்பிய நம்ப மாட்டாவ. பங்காளிக்குப் புத்தி எப்ப எப்படிப் போவும்னு யாரு கண்டா. மச்சானுக்கு அப்படியில்ல. கயித்த விட்டான்னா தாலி அறுக்குறது அவன் கூடப் பிறந்தவள்லா?

ஜேசுபாதத்துக்குக் கயிறு பிடிச்சது சௌந்தரிக்கு மூத்தவன் பாஸ்கல். ஆளு பாக்க எடுப்பா இருப்பான். தலைக்கு எண்ணெய் தேய்ச்சுச் சீவி, கட்டம் போட்ட சட்டை போட்டுக்கிட்டு, கோயில்ல முன்னால நின்னு பாடுவான். அம்மா செத்த பொறவு தங்கச்சிய வளத்துக் கட்டிக் குடுத்ததும் அவன்தான். சௌந்தரி இந்த உலகத்துல வையாத ஒரே ஆளு அவன். அண்ணன் வாரான்னாலே குசினியில மீன் பொரிக்கிற வாசம் வந்துரும்.

நாப்பத்தாறு தை மாசம். உலகச் சண்டை முடிஞ்சுட்டுன்னு பேரு, அரிசியும் துணியும் கூப்பனுக்குத்தான். அன்னைக்குப் பத்து மணிக்கெல்லாம் தோணி திரும்பிட்டு. மத்தியானக் காத்துக்குத்தான திரும்பும், இதென்ன இப்பமேன்னு நாங்க கரைக்கு ஓடுனோம். பாயில சுத்தித் தூக்கிட்டு வந்தாவ. மூக்குலயும் காதுலயும் ரத்தம் உறைஞ்சு போய்க் கிடந்தாரு ஜேசுபாதம். சுத்தியிருந்த பாய் சௌந்தரி தைச்ச பாய்தான். அவ அழல. அந்தப் பாயோட ஓரத்தப் பிடிச்சுக்கிட்டு, கயிறு யாரு பிடிச்சான்னு மட்டும் கேட்டா.

கயிறு பிடிச்சது பாஸ்கல் இல்ல. விளாத்திகுளம் பக்கத்துல இருந்து பஞ்சம் பிழைக்க வந்த வன்னியபெருமாளுன்னு ஒரு கரிசக்காட்டுக்காரன். கடலையே ஆறு மாசம் முன்னாலதான் கண்ணால பாத்தவன். அவன எவன் கயிறு பிடிக்க விட்டான்னு கேட்டா, சம்மாட்டி அனுப்புன ஆளுன்னு தோணியில இருந்த எல்லாரும் ஒண்ணாச் சொன்னாவ. சம்மாட்டின்னா தோணிக்குச் சொந்தக்காரரு, சந்தியாகு சம்மாட்டி. வன்னியபெருமாள எங்கலேன்னு தேடுனா ஆளக் காணோம். அன்னைக்கே ஊர விட்டுப் போயிட்டான்.

பாஸ்கல் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுத அழுகை இருக்கே, கல்லறைத் தோட்டம் வரைக்கும் நாலு பேரு தாங்கிப் பிடிச்சுத்தான் கூட்டிட்டுப் போனாவ. பாவி சம்மாட்டி என்னக் கரையில சரக்கு இறக்கச் சொல்லி நிறுத்திட்டானே, நான் இருந்தா மாப்ளய விட்டிருப்பேனான்னு சொல்லிச் சொல்லி அழுதான். நாங்களும் அழுதோம். சம்மாட்டிய வஞ்சோம்.

அந்தச் சம்மாட்டியும் வையத் தகுதியான ஆளுதான், அதுல சந்தேகம் வேண்டாம். காலுல சப்பாத்து, மேல கறுப்புக் கோட்டு, கையில குடை. கோயில்லயே நம்மளக் கண்டா மூக்கச் சுளிப்பாரு. சௌந்தரி நியாயம் கேக்க அவரு வீட்டுக்குப் போனப்போ நானும் கூடப் போனேன். வாசல்ல நிக்க வச்சுட்டு, மாடிப் படியில நின்னுக்கிட்டே, "நான் யாரையும் அனுப்பல. ஒங்க அண்ணனப் போய்க் கேளு" ன்னாரு. திரும்பி உள்ள போயிட்டாரு. செத்தவன் பொஞ்சாதிக்கு ஒரு வாய்த் தண்ணி கூடச் சொல்லல. கூடப் பிறந்தவன் மேலயே பழிய போடுதானே இவன்லாம் மனுசனான்னு வார வழியெல்லாம் நான்தான் பேசுனேன். சர்க்கார் சங்கு ஆபீசுல இருந்து வந்தவனும் பாஸ்கல் சொன்னத எழுதி வாங்கிட்டு, தெய்வாதீனமா நடந்ததுன்னு முடிச்சுட்டான். சாமியாருட்ட போனா, மன்னிக்கப் பழகு மகளேன்னுட்டாவ. அவளுக்கு மன்னிக்கணும்னு இல்ல. தன் புருசனக் கொன்னவன் யாருன்னு ஊரு முன்னால, பட்டப்பகல்ல, நாலு பேரு வாயால வரணும். அவ்வளவுதான் அவ கேட்டது. அது எங்கயும் கிடைக்கல.

பாஸ்காத் திருநாளுக்கு, அதான் ஈஸ்டருக்கு, முந்துன நாப்பது நாளு தவசு காலம் வந்துச்சு.

எங்க தெருவுல பாஸ்காவுக்கு முந்துன நாளு, பெரிய சனிக்கு, ஏசுவக் காட்டிக் குடுத்த யூதாசக் கட்டி எரிக்கிற வழக்கம் உண்டு. பெரிய வியாழன்ல இருந்து கோயில் மணி அடிக்காது, மரக்கட்டைதான் தட்டுவாவ. சனிக்கிழமை காலம்பறப் பூசையில மணி திரும்ப அடிக்கும் பாருங்க, அந்தச் சத்தம் கேட்டதும் யூதாச வெளிய இழுத்துருவாவ. வைக்கலும் பன்னாடையும் திணிச்ச ஆள் உயரப் பொம்மை. தெருத் தெருவா இழுத்து, பொம்பளையல்லாம் சேந்து அத விளக்குமாத்தால சாத்தி, கடக்கரையில நட்ட பாய்மரத்துல தொங்க விட்டு எரிப்பாவ. ஒரு கட்டுப்பாடு உண்டு. யூதாசுக்கு யாரு பேரையும் சொல்லக் கூடாது, சாமியார் கோவிச்சுக்கிடுவாவ. அடையாளம் வச்சுக்கிடலாம். சண்டை சமயத்துல ஒரு வருஷம் யூதாசு கையில தராசு இருந்துச்சு, அரிசியப் பதுக்குனவன் மூணு மாசம் தெருவுல தலை காட்டல. இன்னொரு வருஷம் மூக்குக் கண்ணாடி. அது யாருன்னு நான் சொல்ல மாட்டேன், இன்னும் உசுரோட இருக்கான்.

அந்த வருஷம் யூதாச நான் கட்டுதேன்னு சௌந்தரி சொல்லிட்டா. விதவை கட்டலாமான்னு ஒருத்தி கேட்டா. "ஏன், யூதாசு பொண்டாட்டி வந்துதான் கட்டணுமா? ஒன்ன வேணா கூப்பிடுதேன்"னா. பொறவு யாரும் கேக்கல.

நாப்பது நாளும் அவ வீட்டுல அதுதான் வேலை. பழைய பாய்த் துணிய வெட்டி, பாய் தைக்கிற ஊசியால கை, காலு, தொந்தின்னு தனித்தனியாத் தைச்சா. மத்த வருஷத்துப் பொம்மை வைக்கப்போர் மாதிரி இருக்கும். இது மனுசன் மாதிரியே இருந்துச்சு. இடது தோளு கொஞ்சம் இறங்கி, வயிறு முன்னால வந்து, அப்படியே சம்மாட்டி நிக்கிற நெலை. அவரு வீட்டுல சமையல் பண்ணுத அமலோற்பவம் பூச்சி அரிச்ச பழைய கறுப்புக் கோட்டு ஒண்ண மீன் கூடைக்கு அடியில வச்சு எடுத்துட்டு வந்து குடுத்தா. அவளுக்கும் அந்த வீட்டு மேல வயித்தெரிச்சல் உண்டு. கோட்ட மாட்டி, இடுப்புல கயித்தக் கட்டி, அந்தக் கயித்த நடுவுல அறுத்து விட்டா சௌந்தரி. அதுக்கு மேல பேரு எதுக்கு?

பெரிய சனி அன்னைக்குச் சித்திரை வெயில் எட்டு மணிக்கே சுட்டுச்சு. மணி அடிச்சதும் யூதாச வெளிய எடுத்தாவ. பாத்ததுமே கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுச்சு. பொறவு சிரிப்பு நின்னுட்டு. விளக்குமாறு, சப்பாத்து, உலக்கைன்னு எது கைக்கு அகப்பட்டுதோ அத எடுத்துட்டு வந்தாவ பொம்பளைய. நானும் நாலு சாத்து சாத்துனேன், பொய் சொல்லல. எங்க வீட்டுக்காரருக்கு அரை நாள் கூலி பிடிச்சது, கோயில்ல என் பிள்ளையப் பின்னால போன்னு தள்ளுனது, எல்லாத்தையும் நெனச்சுக்கிட்டுச் சாத்துனேன். சம்மாட்டி வீட்டு முன்னால வந்ததும் வேணும்னே நின்னோம். மாடி ஜன்னல் ஒண்ணு பாதி திறந்திருந்துச்சு. சௌந்தரி விளக்குமாத்த ரெண்டு கையாலயும் பிடிச்சு, அந்த ஜன்னலப் பாத்துக்கிட்டே அடிச்சா. விளக்குமாறு கட்டு அவுந்து ஈர்க்கு ஈர்க்காப் போற வரைக்கும் அடிச்சா. ஜன்னல் சாத்திக்கிடுச்சு.

பாய்மரத்துல யூதாசத் தூக்கிக் கட்டுற கயித்தப் பாஸ்கல்தான் பிடிச்சிருந்தான். என் மாப்ளய கொன்னவன நான்தான் தூக்குவேன்னு கேட்டு வாங்கிக்கிட்டான். கட்டம் போட்ட சட்டை வேர்வையில ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. யூதாசு மேல போயிட்டு. தீக்குச்சி கிழிக்கப் போற நேரத்துலதான் கூட்டத்துக்குப் பின்னால ஒரே தள்ளுமுள்ளு.

வன்னியபெருமாளு வந்திருந்தான். விளாத்திகுளத்துல இருந்து நடந்தே வந்தவன் மாதிரி முட்டி வரைக்கும் புழுதி. ஆம்பளைய அவன ரெண்டு அடி போட்டுட்டாவ, வாயில ரத்தம். அவன் கையத் தூக்கித் தடுக்கக் கூட இல்ல. சௌந்தரி உள்ள புகுந்து, அடிச்சவன் கையத் தட்டி விட்டா. கொல்லுததுன்னா நான் கொல்லுதேன், முதல்ல அவன் பேசட்டும்னா.

அவன் அவ காலப் பாத்துக்கிட்டேதான் பேசுனான். "அம்மா, சம்மாட்டி என்ன அனுப்பல. ஒங்க அண்ணாச்சிதான் அனுப்புனாவ. சேவல்கட்டுக்குப் போவணும், இன்னைக்கு ஒரு நாளு நீ பிடின்னாவ. ஒங்க வீட்டுக்காரருட்டயும் அப்படித்தான் சொன்னேன். அவிய சிரிச்சுட்டு, வெளிய தெரிஞ்சா மச்சானுக்கு அசிங்கம்லா, சம்மாட்டி அனுப்புனாருன்னு சொல்லிருன்னு சொன்னாவ."

அதுக்கப்புறம் அவன் சொன்னத நான் முழுசாச் சொல்ல மாட்டேன். பைக் கயிறு சுண்டுனா தூக்குன்னு மட்டும்தான் பாஸ்கல் அவனுக்குச் சொல்லிக் குடுத்திருக்கான். இடுப்புக் கயிறு குலுங்குனப்போ அலைதான் ஆட்டுதுன்னு நெனச்சுட்டு, பைக் கயிறயே பாத்துக்கிட்டு நின்னிருக்கான். அடுத்த குளியாளிக்குக் கயிறு பிடிச்சவன் பாத்துட்டுக் கத்துன பொறவுதான் தூக்கியிருக்கான். கரைக்கு வந்ததும் பாஸ்கல் அவனப் பனங்காட்டுக்குள்ள இழுத்துட்டுப் போய், ஓடிரு, ஒன்ன அடிச்சே கொன்னுருவாவன்னு விரட்டியிருக்கான். மூணு மாசமாக் கிணத்துக் கயித்தக் கூடத் தொட முடியலம்மா, தண்ணி எறைக்க முடியலன்னான்.

எல்லாரும் பாஸ்கலப் பாத்தோம். அவன் யூதாசுக் கயித்த இன்னும் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னான். இவன் பொய் சொல்லுதான், சம்மாட்டி இவன விலைக்கு வாங்கிட்டான்னு ஆரம்பிச்சான்.

சௌந்தரி அவன் கிட்டப் போனா. அவ குரலு உயரவே இல்ல. "அண்ணே, இடுப்புக் கயிறு குலுங்குனா என்ன செய்யணும்னு இவன்ட்ட சொன்னியா?"

பாஸ்கலு வாய மூடிட்டு இருந்திருக்கலாம். என்ன கேக்கான்னு யோசிக்காம, "மாப்ளட்ட கேட்டுக்கோலேன்னு சொன்னேன்லா?"ன்னு வன்னியபெருமாளப் பாத்துச் சொல்லிட்டான்.

சொல்லி முடிச்ச பொறவுதான் அவனுக்கே உறைச்சுச்சு. கயிறு கைய விட்டுப் போச்சு. யூதாசு மேல இருந்து தொப்புன்னு மணல்ல விழுந்துச்சு.

நான் அன்னைக்குச் சௌந்தரி அவன் மேல பாய்வா, முடியப் பிடிப்பான்னு நெனச்சேன். பாயல. மணல்ல உக்காந்தா. மடியில இருந்து ஊசிய எடுத்து, கோட்டுத் தையல ஒண்ணொண்ணாப் பிரிச்சா. பாயப் பிரிச்சு ஒட்டுப் போடுத மாதிரி, ஒரு அவசரம் இல்ல. கோட்ட உருவி என் பக்கம் எறிஞ்சா, இத அந்த வீட்டுலயே குடுத்துருளான்னா. பொறவு அண்ணனப் பாத்து, சட்டையக் கழத்துன்னா.

அவன் காதுல விழாத மாதிரி நின்னான்.

"நானாக் கழத்துனா தோலோட வரும். கழத்து."

ஊரு பாத்துக்கிட்டே இருந்துச்சு. ஒருத்தனும் விடுளான்னு சொல்லல. கோயில்ல முன்னால நின்னு பாடுறவன், வெறும் மேலோட சித்திரை வெயில்ல நின்னான். சௌந்தரி அந்தக் கட்டம் போட்ட சட்டைய யூதாசுக்கு மாட்டி, நாலு பக்கமும் தையல் போட்டு, தொந்தியில இருந்த வைக்கலப் பிடுங்கிப் போட்டா. சம்மாட்டி போயிட்டாரு, பாஸ்கல் வந்துட்டான். பாய்மரத்துக் கயித்த வன்னியபெருமாளு கையில குடுத்து, இந்தத் தரம் ஒழுங்காத் தூக்குன்னா. அவன் அழுதுக்கிட்டே தூக்குனான். தீய அவளே வச்சா. பன்னாடைல்லா, குப்புன்னு பிடிச்சுச்சு. எரிஞ்சு முடியுத வரைக்கும் பாஸ்கல அங்கன இருந்து நகர விடல. அவன் ஒரு எட்டு எடுத்து வச்சா இவ திரும்பிப் பாப்பா, நின்னுருவான்.

அடிச்ச ஆளு மாறிப் போச்சேன்னு எனக்கு ஒரு உறுத்தலும் இல்ல. கோட்டத் திருப்பிக் குடுக்கவும் இல்ல. நல்ல கெட்டித் துணி, வெட்டி அடுப்புல சட்டி இறக்கக் கரித்துணியா வச்சிருக்கேன்.

பாஸ்கல் அதோட ஒழிஞ்சான்னு நெனச்சீங்களா? சௌந்தரி விடல. பாஸ்கா முடிஞ்ச மறுநாளே அவன் பொண்டாட்டி இன்பமணிட்ட சொல்லி அனுப்புனா. வருஷா வருஷம் பெரிய வெள்ளிக்கு ஒன் புருசன் சட்டை ஒண்ணு என் வீட்டுக்கு வந்துரணும், வரலன்னா நானே வந்து கொடியில இருந்து எடுப்பேன்னு. வந்துச்சு. நாப்பத்தேழுலயும் வந்துச்சு, நாப்பத்தெட்டுலயும் வந்துச்சு. நாடு சுதந்திரம் வாங்குச்சு, வெள்ளக்காரத் தொரை போனான், யூதாசு சட்டை மட்டும் மாறல. உயிரோட இருக்கவன் சட்டையப் போட்டு எரிக்கக் கூடாதுன்னு சாமியார் பிரசங்கத்துலயே சொன்னாவ. யாரு பேரையும் நான் சொல்லலையே சாமின்னுட்டா. அது வாஸ்தவம்தான். அவ ஒருநாளும் பேரு சொல்லல.

சொல்ல வேண்டிய அவசியமும் இல்ல. அவன் கையில யாரும் கயித்தக் குடுக்கல. சங்குத் தோணியில இல்ல, மீன் வள்ளத்துலயும் இல்ல. கிணத்தடியில வாளிக் கயித்தத் தொட்டாக் கூடப் பொம்பளைய வாய்க்குள்ள சிரிப்பாவ. ஹார்பர்ல மூட்டை தூக்குனான். எண்ணெய் தேய்க்கிறது நின்னுட்டு. பாட்டும் நின்னுட்டு. வன்னியபெருமாளு அங்கனயே தங்கி, சௌந்தரிக்குப் பாய்த் துணி சுமந்து குடுக்கான். அவனையும் அவ வையத்தான் செய்யுதா, ஆனா சோறு போட்டு வையுதா.

இந்த வருஷம், நாப்பத்தொம்பதுல, பெரிய வெள்ளி அன்னைக்குச் சட்டைய இன்பமணி கொண்டு வரல. அவனே வந்தான். நான் முத்தத்துல கஞ்சிக்குக் கொள்ளு புடைச்சுக்கிட்டு இருந்தேன், எல்லாத்தையும் கேட்டேன். வாசப்படிக்கு வெளியதான் நின்னான். சட்டைய மடிச்சு ரெண்டு கையிலயும் வச்சிருந்தான். மூணு வருஷம் ஆயிட்டுளா, இன்னும் எத்தன வருஷம், நீ ஒரு வார்த்தை சொன்னா எவனாவது என்னத் தோணியில ஏத்துவான், பிள்ளைய பட்டினி கிடக்குன்னு மெதுவாச் சொன்னான்.

சௌந்தரி தைச்சுக்கிட்டிருந்த பாய அப்படியே மடியில போட்டுட்டு, கைய நீட்டிச் சட்டைய வாங்குனா. விரிச்சா. வெளிச்சத்துக்கு நேராப் பிடிச்சுப் பாத்தா. கழுத்துக்கிட்டயும் கக்கத்துலயும் கிழிஞ்சு, ஒட்டுப் போட்ட சட்டை.

"இது பழசு. நல்லதாக் கொண்டா"ன்னா.

வேற சட்டை இல்லளான்னான். அவ அவன் மேலுல போட்டிருந்ததப் பாத்தா. துணிக் கடையில கூப்பன் எடுத்து, ரெண்டு நாளு வரிசையில நின்னு, பாஸ்காவுக்குன்னு தைச்ச புதுச் சட்டை. மடிப்பு கூடக் கலையல.

பொத்தான ஒவ்வொண்ணா அவுத்தான். கழத்திப் படியில வச்சுட்டு, பழசத் திரும்ப எடுத்துக்கலாமான்னு கேட்டான். எடுத்துக்கோன்னா. அவன் தெருவுல இறங்கிப் போவுததுக்கு முன்னாலயே அவ ஊசியில நூலக் கோத்துட்டா.